பொழுதடையா நாட்டில் இஷா

நாம் மத்ரஸாவில் ஆசிரியராக அமர்ந்தது 1990 ஆம் ஆண்டு. அன்று தொட்டு ஆண்டுதோறும் தொழுகை நேரங்களைப் பற்றிய பாடத்தைச் சிறுவர்களுக்கு ஓதிக் கொடுத்து வருகிறோம். சூரியன் உச்சி சாய்ந்தால் லுஹர். ஒரு பொருளின் நிழல், உச்சிநேர நிழல் நீங்கலாக, அப்பொருளின் அளவுக்கு நீண்டால் அஸர். சூரிய வட்டம் முழுவதும் மறைந்தால் மஃரிபு. மேல்வானச் செம்மை நீங்கினால் இஷா. கீழ்வானில் குறுக்கே வெண்மை படர்ந்தால் சுபுஹு. நமது கரையோர ஊரில் இப்பாடத்திற்கு விளக்கம் தேவைப்படுவதில்லை. ஆண்டு முழுவதும் ஆறு மணியையொட்டிப் பொழுது அடையும். ஒன்றேகால் மணி நேரம் சென்றபின் இஷாவுக்குப் பாங்கு ஒலிக்கும். வானத்தை அண்ணாந்து பாராமலே வாழ்நாள் முழுவதும் தொழுது முடித்துவிடலாம்.

1997 ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் ஒருநாள் இப்பாடம் நடந்து கொண்டிருந்தது. பதினான்கு வயதுடைய மாணவர் ஒருவர் எழுந்து, “ஹஜ்ரத், பொழுதே அடையாத ஊரில் இருப்பவர் இஷாவை எப்போது தொழுவார்?” என்று வினவினார். பள்ளிக்கூடத்துப் பூகோளப் புத்தகத்தில் அத்தகைய ஊர்கள் உண்டெனப் படித்திருந்தாராம். வகுப்பு கொல்லெனச் சிரித்தது. அவர் நம்மைப் பரிகசிக்கிறார் என்று எண்ணினோம். கையை நீட்டச் சொல்லிப் பிரம்பால் இரண்டு அடி கொடுத்து, “ஊரில் இருக்கும் வக்தை முதலில் ஒழுங்காகத் தொழு. இல்லாத ஊரின் வக்தைப் பிறகு பார்க்கலாம்” என்று கூறி அமர்த்தினோம்.

உண்மையை இப்போது எழுதிவிடலாம். அந்தக் கேள்விக்குரிய விடை அன்று நமக்குத் தெரியாது. நமது முதுகுக்குப் பின்னிருந்த அலமாரியில், நாம் புரட்டிப் பாராத விரிவுரை நூல் ஒன்றில் அது இருந்தது. இமாம் மாலிக் (ரஹ்) அன்னார், தொலைதூரத்திலிருந்து கேள்விகளைச் சுமந்து வந்தவரிடமும் பலவற்றுக்கு “அறியேன்” என்றே விடையளித்தார்கள் என்பதை அதே அறையில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். ஆயினும் அந்த ஒரு சொல்லைச் சொல்ல நமது நாவு எழவில்லை, கை எழுந்தது. அம்மாணவர் மறு ரமலான் விடுமுறைக்குப் பின் மத்ரஸாவுக்குத் திரும்பவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அது நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தது.

அவர் 2018 ஆம் ஆண்டின் இறுதியில் நம்மைத் தொலைபேசியில் அழைத்தார். கனடா நாட்டின் எட்மன்டன் நகரில், பெரிய லாரிகளைப் பழுதுபார்க்கும் பணியில் இருப்பதாகக் கூறினார். “ஹஜ்ரத், வருகிற கோடையில் வாருங்கள். செலவு என்னுடையது. பொழுதடையாத நாட்டை உங்களுக்குக் காட்ட வேண்டும்” என்றார். அச்சொற்களைக் கேட்டதும் நமக்கு வியர்த்துவிட்டது. அவர் மறக்கவில்லை, அதற்காகவே அழைக்கிறார் என்றே முடிவு செய்தோம். மறுத்துவிடலாமென ஒரு மாதம் எண்ணிக் கொண்டிருந்து, இறுதியில் 2019 ஜூன் மாதத்தில் சென்றோம்.

எட்மன்டனிலேயே நமது பாடம் ஆட்டம் காணத் தொடங்கியது. அங்கே ஜூன் மாதத்தில் இரவு பத்து மணிக்குத்தான் சூரியன் மறைகிறது. மறைந்த பின்னும் வடவானின் வெளிச்சம் முழுமையாக நீங்குவதில்லை. கனடாவின் முதற் பள்ளிவாசலாகிய அல்ரஷீத் பள்ளி 1938 ஆம் ஆண்டில் எழுந்த ஊர் அது. பழைய கட்டிடத்தை இன்று அந்நகரின் வரலாற்றுப் பூங்காவில் வைத்துக் காக்கிறார்கள். அதனை எழுப்பியவர்களும் இந்தக் கோடை வானத்தின் கீழேயே இஷாவுக்குக் காத்திருந்திருப்பார்கள். கிப்லாவோ வடகிழக்கு! மேற்கு நோக்கியே தக்பீர் கட்டிப் பழகிய நமக்கு, முதல் இரண்டு நாள் மனம் ஒரு திசையிலும் உடல் ஒரு திசையிலும் நின்றன.

ஜூலைத் தொடக்கத்தில் நாங்கள் மூவர் புறப்பட்டோம்: நாம், அம்மாணவர், அவருடைய எட்டு வயது மகன். எங்கள் கரையோரத்தில் பாட்டனாரை ‘அப்பா’ என்றும் தந்தையை ‘வாப்பா’ என்றும் அழைப்பது வழக்கம். சிறுவன் நம்மை ‘அப்பா’ என்றே அழைத்தான். வண்டியில் கூடாரம், உறக்கப்பைகள், தூண்டில் கோல்கள், எரிவாயு அடுப்பு, அரிசி, மிளகாய்த்தூள், மூன்று தொழுகை விரிப்புகள். யூக்கான் பிரதேசத்தின் தலைநகரான ஒயிட்ஹார்ஸ் வரை ஏறத்தாழ 2000 கிலோமீட்டர். அச்சாலையின் பெரும் பகுதி, 1942 ஆம் ஆண்டில் போர்க்காலத் தேவைக்காக அமெரிக்கப் படையினர் சில மாதங்களில் காட்டை வெட்டி அமைத்த அலாஸ்கா நெடுஞ்சாலையாகும். அந்த நான்கு நாட்களைப் பற்றி எழுத அதிகமில்லை. ஊசியிலை மரங்கள், மீண்டும் ஊசியிலை மரங்கள்.

டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை என்பது 1979 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட சரளைக்கல் சாலை. டாசன் நகருக்கு அருகில் தொடங்கி, ஆர்க்டிக் வட்டத்தைக் கடந்து, இனூவிக் என்னும் ஊரை நோக்கி 730 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே செல்கிறது. நிலத்தடியில் ஆண்டு முழுவதும் உறைந்து கிடக்கும் மண், வெப்பம் பட்டு உருகிவிடக் கூடாதென்பதற்காகச் சாலையைச் சரளை மேட்டின்மேல் உயர்த்திப் போட்டிருக்கிறார்கள். அதன் தொடக்கத்தை அடுத்து டூம்ஸ்டோன் என்னும் காப்பு வனம் உண்டு. கருங்கல் மலைகள் பல்வரிசைபோல் நிற்கும். கீழே முழங்கால் உயரத்துப் புதர்களன்றி மரமேயில்லாத தூந்திரப் பிரதேசம். குறிஞ்சி, முல்லை என ஐவகை நிலம் வகுத்த நம் முன்னோர் இதனைக் கண்டிருந்தால் எந்தத் திணையில் சேர்த்திருப்பர் என்று நடந்துகொண்டே எண்ணிப் பார்த்தோம். மலையும் மலை சார்ந்த இடமுமே எனினும், குறிஞ்சிக்குரிய யாமப் பொழுது அங்கே கோடையில் இல்லையே! திணைக்குப் பொழுது கிடைக்காத நிலம் அது.

அங்கு மூன்று நாள் தங்கி மலையேறினோம். நடை எளிதன்று. தொலைவிலிருந்து பார்த்தால் புல்வெளிபோல் தோன்றும். கால் வைத்தால் ஒவ்வொரு புற்குவியலும் தலையாட்டிப் பொம்மைபோல் சாயும். இடையில் பனிநீர் நின்ற பள்ளம். ஒரு மணி நேரத்தில் நமது முழங்கால்கள் நமது வயதைக் கணக்கிட்டுச் சொல்லிவிட்டன. அது கிரிஸ்லி கரடிகள் உலவும் நாடு. கரடி மனிதனைத் தேடி வருவதில்லையாம். எதிர்பாராமல் அருகில் காண நேர்ந்தால்தான் பாயுமாம். ஆகவே நடப்போர் சத்தமிட்டுக்கொண்டே செல்ல வேண்டும் என்பது அங்குள்ள விதி. உணவைக் கூடாரத்தில் வைக்கலாகாது. கரடியின் முகத்தில் தெளிக்கும் மிளகாய்க் குப்பியை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும்.

என்ன சத்தம் போடுவது? எட்டு வயதுப் பையன் பாட்டுப் பாடினான்; தீர்ந்துவிட்டது. நாம் இப்னு மாலிக் (ரஹ்) அவர்களின் அல்ஃபிய்யாவை உரத்த குரலில் ஓதத் தொடங்கினோம். அரபு இலக்கணத்தை ஆயிரம் அடிகளில் கூறும் அந்நூல் ஒரு நாள் நடைக்குப் போதுமானது. ஐந்தாறு அடிகள் சென்றதும் முன்னால் நடந்துகொண்டிருந்த மாணவர் திரும்பிப் பாராமலே அடுத்த அடியைச் சொன்னார். நாம் முதல் பாதியைச் சொல்ல, அவர் பிற்பாதியை முடித்தார். எழுவாய்ப் பாடம் வரையில் அவருக்கு மனப்பாடமாக இருந்தது. அதற்குமேல் அவர் ஓதவில்லை. அந்த இடத்தில் நாமும் நிறுத்திக் கொண்டோம். கரடி எதுவும் வரவில்லை. சற்றுத் தொலைவிலுள்ள சரிவில் பழுப்பு நிறத்தில் ஒன்று வேரைத் தோண்டிக்கொண்டிருந்ததைத் தொலைநோக்கியில் கண்டோம். அது தலை தூக்கவும் இல்லை.

ஃபிக்ஹு நூல்களில் நாம் வெறும் எழுத்தாக ஓதிய பாடங்கள் அங்கே ஒவ்வொன்றாய் எழுந்து நடமாடின. பனி உருகி வரும் ஓடையில் கால் கழுவினால் எலும்பு வரை வலிக்கிறது. ‘காலுறைமீது ஈரக்கையால் தடவுதல்’ என்ற பாடத்தைப் பாலைவன அரபிகளுக்குரிய சலுகையென்றே கருதியிருந்தோம். தண்ணீர் புகாத ரப்பர்க் காலணிகளின்மீது தடவித் தொழுதபோதுதான் அதன் அருமை விளங்கியது. பயணிக்கு அது மூன்று பகலும் மூன்று இரவும் செல்லும் என்று கூறியவுடன் சிறுவன், “இங்கேதான் இரவே இல்லையே, அப்பா! அப்படியானால் கழற்றவே வேண்டாமா?” என்றான். எழுபத்திரண்டு மணி நேரம் என்று கணக்கிட்டுச் சொன்னோம்.

கொசுக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தூந்திரப் பிரதேசத்துக் கொசுக்களுக்கு நமது ஊர்க் கொசுக்கள் மாணவராகவும் தகுதியற்றவை. தலைமீது வலை போட்டுக்கொண்டே தொழுதோம். சலாம் கொடுத்தபின் பார்த்தால் ஆடையெல்லாம் இரத்தப் பொட்டு. தெள்ளு, கொசு ஆகியவற்றின் இரத்தம் ஆடையில் பட்டால் அது மன்னிக்கப்படும் என்னும் மஸ்அலா வரும்போது மாணவர்கள் எப்போதும் சிரிப்பார்கள். இமாம்கள் இதையெல்லாம் உட்கார்ந்து எழுதினார்களா என்று கேட்பார்கள். எழுதியிருக்கிறார்களே, அல்ஹம்துலில்லாஹ்!

சாலையை ஒட்டி ஓடும் ஆறுகளில் கிரேலிங் என்னும் மீன் உண்டு. ஒரு முழத்திற்குக் குறைவான நீளம். முதுகுத் துடுப்போ பாய்மரம்போல் அகன்று, வெயிலில் ஊதாவும் நீலமுமாய் மின்னும். பிடிப்பதற்கு அரசின் உரிமச்சீட்டு வேண்டும். ஒருவர் இத்தனை மீனுக்குமேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்ற வரம்பும் உண்டு. கடலோரத்தில் பிறந்தும் நாம் தூண்டிலைக் கையில் பிடித்ததில்லை. மீனவர் கொண்டுவருவதை விலை பேசுவதே நமது வீரம். மாணவர் கற்றுக் கொடுத்தார். ஈயைப்போல் கட்டிய இறகுத் தூண்டிலை நீரின்மேல் மிதக்கவிட்டு, சுழி அருகே செல்லும்போது கோலை அசைக்காமல் நிற்க வேண்டும். ஆசிரியர் மாணவராகி, மாணவர் ஆசிரியராகி, “ஹஜ்ரத், கையை இறுக்காதீர்கள். தளர்த்திப் பிடியுங்கள்” என்று அவர் பொறுமையாகத் திருத்தினார். ஏழு முறை தூண்டில் புதரில் மாட்டியது. ஏழு முறையும் அவரே சென்று எடுத்து வந்தார். ஒரு கடுஞ்சொல் இல்லை. பிரம்பு பிடித்த கை தூண்டிற்கோலைப் பிடித்து நின்றது.

அன்று மாலை நான்கு மீன் கிடைத்தன. போதுமென்றோம். ஆனால் அந்நாட்டில் வேறொரு வழக்கம் உண்டு. மீனைப் பிடித்து, பார்த்து, மீண்டும் நீரிலேயே விட்டுவிடுவார்கள். அதனை உயிரிரக்கமென்றும் கருதுகிறார்கள். சிறுவனும் இன்னும் பிடித்துப் பிடித்து விடலாமென்று அடம்பிடித்தான். உயிருள்ள ஒன்றை விளையாட்டுக்குரிய குறியாக்குவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். உண்பதற்கென்று இறைவன் ஆகுமாக்கியதை உண்ணுவோம். அதன் வாயில் முள்ளைக் குத்தி இழுத்து நம் மகிழ்ச்சிக்காக மூச்சுத் திணற வைத்து, பிறகு தயவு காட்டுவானேன்? மாணவர் மறுத்துப் பேசினார்: “மீன் குறையாமல் இருக்க அந்த வழக்கம் உதவுகிறது, ஹஜ்ரத். சிறிய மீன் சிக்கினால் விடாமல் என்ன செய்வது?” சிறியதை விடத்தான் வேண்டும், அது வேறு, விடுவதற்கென்றே பிடிப்பது வேறு என்றோம். அவர் ஒப்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆயினும் கோல்களை மடக்கி வைத்துவிட்டார். மீனுக்கு அறுப்பு வேண்டியதில்லையாதலால் ஹலால் உணவைத் தேடி அலையும் கவலையும் அந்த வனாந்தரத்தில் இல்லை. மிளகாய்த்தூளும் உப்பும் தடவி வாட்டியபோது எழுந்த மணத்திற்குக் கரடிகள் வராதது அல்லாஹ்வின் காவலே!

ஆர்க்டிக் வட்டத்தைக் கடந்து இரண்டு நாள் சென்றபின், இனூவிக்கிற்குச் சற்று முன்னர் ஒரு மேட்டில் கூடாரம் அடித்தோம். அங்கே கோடையில் ஏறத்தாழ எட்டு வாரம் சூரியன் மறைவதேயில்லை. கிப்லாவைக் கணக்கிட்டால் ஏறக்குறைய நேர் வடக்கு! புனித கஃபா துருவத்துக்கு அப்பாலிருக்கிறது. உலக உருண்டையின் உச்சியைத் தாண்டிச் செல்லும் வழியே குறுக்குவழி.

சிறுவனுக்கு ஒரு வேலை கொடுத்தோம். ஒரு கோலை நிலத்தில் செங்குத்தாக நட்டு, மணிக்கொருமுறை நிழலின் நுனியில் ஒரு கல்லை வைக்கச் சொன்னோம். கடிகாரத்தில் பகல் மூன்று மணியளவில் நிழல் மிகக் குறுகியது. அதுவே அங்கு உச்சிப்பொழுது. அப்போதும் நிழல் கோலின் அளவுக்கு இருந்தது. அது மேலும் ஒரு கோல் நீண்டபோது, “இதுதான் அஸர்” என்று காட்டினோம். கிதாபில் இருபத்தொன்பது ஆண்டு ஓதிக் கொடுத்ததை முதன்முறையாக மண்ணில் கண்டோம். சிறுவனைவிட நமக்கே மகிழ்ச்சி மிகுதி. பின்னர் நிழல் நீண்டது, நீண்டது, சுற்றிக்கொண்டே போயிற்று, அறுபடவே இல்லை. மஃரிபுக்குரிய கல்லை வைக்க இடம் கிடைக்கவில்லை.

இரவு மூன்று மணிக்கு அவன் நம்மை எழுப்பினான். வெளியே வந்தோம். சூரியன் நேர் வடக்கில், கிப்லாவின் திசையில், குட்டையான மரங்களின் உச்சியைத் தொட்டும் தொடாமலும் செம்பொன் தட்டாய் நின்றது. அதற்குமேல் இறங்கவில்லை. நமது நிழல் பின்புறம் தெற்கே நெடுந்தொலைவு கிடந்தது. ஒரு பறவை பாடிக்கொண்டிருந்தது. பகலென்று எண்ணியதோ, இரவும் பகலும் அதற்கு ஒன்றோ அறியோம். சிறுவன் கண்களைக் கசக்கிக்கொண்டு கேட்டான்:

“அப்பா, பொழுதே அடையவில்லையே. இஷாவை எப்போது தொழுவது?”

அவனுடைய வாப்பா கூடாரத்தின் வாயிலில் அமர்ந்து காலணியை மாட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. நமக்குத் தொண்டை உலர்ந்தது.

இம்முறை விடை தெரியும். 1998 ஆம் ஆண்டில், அந்த மாணவர் மத்ரஸாவைவிட்டு நின்றபின், அலமாரியைத் திறந்து தேடிப் படித்திருந்தோம். அடுப்பை மூட்டித் தேநீர் வைத்து, சிறுவனை அருகில் அமர்த்திச் சொன்னோம்.

“கேட்டது நீ மட்டுமல்ல, கண்ணே. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன், கி.பி. 921 இல், இப்னு ஃபள்லான் என்பவர் பக்தாதின் கலீஃபா முக்ததிர் அனுப்பிய தூதுக்குழுவில் புறப்பட்டு, மறு ஆண்டு வால்கா ஆற்றங்கரையிலிருந்த பல்கார் நாட்டை அடைந்தார். அங்கே ஒரு மாலை, பக்தாதிலிருந்து வந்து தங்கியிருந்த தையற்காரர் ஒருவரோடு தமது கூடாரத்தில் பேசிக்கொண்டு இஷா பாங்கை எதிர்பார்த்திருந்தார். பாங்கு கேட்டது. வெளியே வந்தால் விடிந்துவிட்டது! முஅத்தினைக் கேட்டார், சுபுஹுக்குத்தான் பாங்கு சொன்னேன் என்றார். இஷா எங்கே என்றால், மஃரிபோடு சேர்த்துத் தொழுதுவிடுகிறோம் என்றார். சுபுஹு தவறிவிடுமோ என்ற அச்சத்தால் ஒரு மாதமாக அந்த முஅத்தின் இரவில் உறங்கவில்லையாம்.”

“பாவம் அவர்” என்றான் சிறுவன்.

பிறகு அவ்வூர் மக்களின் கேள்வி அறிஞர்களிடம் சென்றதையும் சொன்னோம். ஹனஃபி மத்ஹபின் அறிஞர் பக்காலி, செம்மை நீங்கும் நேரமே இல்லாத ஊரில் இஷா கடமையே ஆகாது என்றார். ஐந்தில் ஒன்றை நீக்குவதா என்று வினவியபோது, இரு கைகளும் துண்டிக்கப்பட்டவருக்கு ஒளுவில் எத்தனை கடமை என்று அவர் திருப்பிக் கேட்டார். மூன்று, கழுவ இடமில்லையே என்றனர். அவ்வாறே தொழுகைக்கும் நேரமில்லை என்றார். கேட்போரை வாயடைக்கும் வாதம்தான். ஆனால் இப்னுல் ஹுமாம் (ரஹ்) அவர்கள் தமது ‘ஃபத்ஹுல் கதீர்’ நூலில் அதனை ஏற்கவில்லை. கை என்பது கடமை நிறைவேறும் இடம். நேரமோ கடமையைக் காட்டும் அடையாளம். அடையாளம் காணப்படாததால் கடமையே இல்லையென்று ஆகிவிடாது என்றார். தஜ்ஜால் தோன்றும் காலத்தில் ஒருநாள் ஓராண்டைப்போல் நீளும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தபோது, அந்நாளில் ஒருநாள் தொழுகை போதுமா என்று தோழர்கள் கேட்டனர். போதாது, அதற்குரிய அளவைக் கணக்கிட்டுக் கொள்ளுங்கள் என்று நாயகம் (ஸல்) அருளினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான செய்தி இது. நமது ஷாஃபிஈ மத்ஹபின் விரிவான நூல்களும், செம்மை நீங்காத ஊரார் தமக்கு மிக அருகில் அது நீங்கும் ஊரின் நேரத்தைக் கொண்டு கணக்கிட வேண்டும் என்கின்றன. 1870 ஆம் ஆண்டில் கஸான் நகரத்து அறிஞர் மர்ஜானி இந்த ஓர் இஷாவுக்காகவே தனி நூல் எழுதி வெளியிட்டார். ஒரு வக்து தொழுகைக்காகத் தலைமுறை தலைமுறையாய் இத்தனை பேர் உறக்கம் விட்டிருக்கிறார்கள்!

சிறுவன் இவற்றில் பாதியில் உறங்கிவிட்டான். அவனுடைய வாப்பா கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் இனூவிக் சென்றோம். மூவாயிரத்தைச் சூழ்ந்த மக்கள் வாழும் ஊர். உறைமண் உருகிவிடாதவாறு வீடுகளைத் தூண்களின்மேல் நிறுத்தியிருக்கிறார்கள். தண்ணீர்க் குழாய்களும் தரைக்குமேல் பெட்டிகளுக்குள் செல்கின்றன. அங்கே ஒரு பள்ளிவாசல் உண்டு. 2010 ஆம் ஆண்டில் தெற்கே வின்னிபெக் நகரில் அதனைக் கட்டி முடித்து, லாரியில் ஏற்றி, ஹே ரிவர் துறையில் சரக்குப் படகுக்கு மாற்றி, மெக்கன்சி ஆற்றின் வழியே மிதக்கவிட்டுக் கொண்டுவந்தார்கள். மொத்தம் 4000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம். மரமும் கூலியும் அங்கே விலை அதிகமாதலால், கட்டி அனுப்புவதே மலிவாக இருந்ததாம். அவ்வாண்டு செப்டம்பரில் வந்து சேர்ந்து நவம்பரில் திறக்கப்பட்டது. ஆற்றில் மிதந்து வந்த அல்லாஹ்வின் இல்லத்தில் இரண்டு ரக்அத் தொழுதபோது கண் கலங்கிற்று. ஜமாஅத்தில் சூடானியர், எகிப்தியர், பாகிஸ்தானியர் என ஒரு வரிசை இருந்தது. பலர் வாடகைக்கார் ஓட்டுபவர்கள். நோன்பின்போது எட்மன்டன் நகர நேரத்தைப் பின்பற்றுவதாகக் கூறினார்கள். கிதாபின் ‘அருகிலுள்ள ஊர்’ அவர்களுக்கு வான்வழியே ஏறத்தாழ 2000 கிலோமீட்டர் தொலைவிலிருந்தது.

திரும்பும் வழியில், சீகெட்சிக் என்னும் கிராமத்தருகே மெக்கன்சி ஆற்றைக் கடக்க, வண்டிகளை ஏற்றும் பெரும் படகுக்குக் காத்திருந்தோம். கரையில் குவிச்சின் பழங்குடியினரின் மீன்குடில் ஒன்று. வெண்மீனை இரண்டாய்ப் பிளந்து, வரிவரியாய்க் கீறி, கம்புகளில் தொங்கவிட்டு அடியில் புகை மூட்டியிருந்தார்கள். நம் ஊர்க் கருவாடு! ஆனால் உப்பில்லாதது. நாம் முகர்ந்து மகிழ்வதைக் கண்ட மூதாட்டி ஒருவர் சிரித்து, ஒரு துண்டை முறித்துக் கொடுத்தார். அதை மென்றுகொண்டே ஆற்றங்கரைக் கல்லில் அமர்ந்திருந்தபோது, இனியும் தாமதிக்கலாகாது என்று தோன்றியது.

“தம்பி, 1997 இல் உன்னை அடித்தேனே. அதற்காக என்னை மன்னித்துவிடு” என்றோம். நாமென்றும் நமதென்றும் பேசிப் பழகிய நாவு அங்கே தானாக ‘என்னை’ என்றது.

அவர் விழித்தார். எதைச் சொல்கிறோம் என்று முதலில் விளங்கவில்லை. கேள்வியை நினைவூட்டியதும் வியப்போடு, “ஹஜ்ரத், அதைக் கேட்டது நான் இல்லையே! எனக்குப் பக்கத்தில் இருந்தவன் கேட்டான். நான் பலமாகச் சிரித்தேன், அதற்கு எனக்கும் ஓர் அடி விழுந்தது. நீங்கள் என்னையா நினைத்துக்கொண்டிருந்தீர்கள்?” என்றார்.

“அதனால்தானே நீ மத்ரஸாவைவிட்டு நின்றாய்?”

“வாப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் நின்றேன். அந்த ஆண்டே தொழிற்பயிற்சியில் சேர்த்தார்கள்.”

“பிறகு எதற்காக என்னை இங்கே அழைத்தாய்?”

அவர் சற்று வெட்கத்தோடு, “எனக்கு அல்ஃபிய்யா கற்றுக் கொடுத்தது நீங்கள். வாப்பா மௌத்தாகிவிட்டார். வேறு யாரை அழைப்பேன்?” என்றார். பிறகு கேள்வி கேட்டவர் யாரென்று சொன்னார். ஊரிலேயே இருக்கிறார், நமது தெருவின் மூலையில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். பதினைந்து ஆண்டுகளாக நாம் அரிசியும் சீனியும் வாங்கும் கடை! நமது மாணவர் என்பது தெரியும். அந்தக் கேள்வியின் முகம் மட்டும் எப்படியோ மாறிவிட்டிருக்கிறது. இத்தனை ஆண்டு முள்ளைச் சுமந்தோம், அதுவும் தவறான மனிதருக்காக! படகு வந்துவிட்டது, வண்டியில் ஏறினோம். சிறுவன் கருவாட்டுத் துண்டில் பங்கு கேட்டான்.

ஆகஸ்டில் ஊர் திரும்பிய மறுநாளே அக்கடைக்குச் சென்றோம். கூட்டம் குறையட்டுமென ஓரமாக நின்றோம். அவர் சீனியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, பயணத்தைப் பற்றி விசாரித்தார். நாம் செய்தியைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவர் எழுந்து நின்றுவிட்டார்.

“நானா கேட்டேன்? சத்தியமாக ஞாபகமில்லை, ஹஜ்ரத். ஓதுகிற காலத்தில் வாங்கிய அடியெல்லாம் யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்?” என்று பதறினார். பிறகு தராசில் கையை வைத்துக்கொண்டு சற்று நேரம் யோசித்துவிட்டு, “அப்படியானால் அங்கே இஷாவை எப்போதுதான் தொழுகிறார்கள்?” என்று கேட்டார்.

அரிசி மூட்டையின்மேல் அமர்ந்து, பல்கார் நாட்டு முஅத்தினிலிருந்து தொடங்கிச் சொன்னோம். சரக்கு வாங்க வந்த இருவர் வாங்கியதையும் மறந்து நின்று கேட்டார்கள். இப்னுல் ஹுமாம் (ரஹ்) அவர்களிடம் வந்து சேர்ந்தபோது இஷா பாங்கு ஒலித்தது. வெளியே நன்றாக இருட்டிவிட்டிருந்தது. அவர் விளக்கைப் போட்டுவிட்டு, “தொழுதுவிட்டு வந்து மீதியைச் சொல்லுங்கள், ஹஜ்ரத்” என்று கடையின் ஒரு பலகையைச் சாத்தினார்.